ஏழாம் எண்

பதிவேட்டில் ஏழு எஞ்சின்.
ஏலக் கணக்கில் ஆறு.
அந்த ஒன்றுக்காகத்தான்
மூன்று சனிக்கிழமைகளாக
வேலூர் ஆவண அறையில்
தும்மிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே
இரண்டரை அடி அகலத்தில் ஒரு ரயில் ஓடியது.
பஞ்சத்தை நினைத்துப் போட்ட பாதை,
யுத்தத்தில் பிடுங்கிவிட்டார்கள்.
தண்டவாளம் கப்பலேறிப் போனது என்கிறார்கள்.
போகட்டும்.
எனக்குத் தண்டவாளம் வேண்டாம்,
ஏழாம் எண் எங்கே போனது
என்று தெரிந்தால் போதும்.

"இன்னாம்மா, சொத்துத் தகராறா?"
முதல் நாள் கட்டை அவிழ்த்தபடி கேட்டார் முனிரத்தினம்.
இல்லை, எஞ்சின் என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"யார் பேர்ல கீது?"

நாற்பத்தொன்றாம் பக்கம்.
மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு.
ஊதுகுழல் ஒன்று, விரிசல்.
மணல் பெட்டி ஒன்று, மூடி இல்லை.
அடுத்த மார்ச்: மூடி இல்லை.
அதற்கடுத்த மார்ச்: மூடி இல்லை.
வ. துரைக்கண்ணு என்று கையெழுத்துப் போடும் ஒருவர்
பதினொரு மார்ச் மாதங்கள் இதை எழுதியிருக்கிறார்,
சாய்ந்த ஆங்கிலத்தில்,
டி எழுத்தின் குறுக்குக்கோடு
வால்போல் நீள.
யாரும் மூடி வாங்கித் தரவில்லை.
அவரும் எழுதாமல் விடவில்லை.

ஐந்தாம் ஆண்டில்
நாலாம் எஞ்சினுக்குப் புதுக் கொதிகலன் வந்தது.
அதன் பழையது ஏழுக்குப் போனது.
ஏழின் முன்சக்கரங்கள் இரண்டுக்கு.
ஐந்தின் புகைபோக்கி ஏழுக்கு.
இப்படியே போய்
எது ஏழு என்று கேட்டால்
ஒரு பித்தளைத் தகடுதான் ஏழு.
எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.
வாரத்தில் ஐந்து நாள்
சிறுநீரக வார்டில் வேலை எனக்கு.
தம்பியினுடையதைத் தாங்கிக்கொண்டு
அண்ணன் எழுந்து நடப்பான்,
கட்டில் அட்டையில் பேர் மாறாது.

நாலாவது சனிக்கிழமை ஆவண அறை பூட்டு.
முனிரத்தினம் மகளுக்கு நிச்சயதார்த்தம்.
சும்மா இருக்க முடியாமல்
வாணியம்பாடி பஸ் ஏறினேன்.
தோல் ஷாப்புக்கு யாரோ
ரயில் கொதிகலன் வாங்கினதாக
ஒரு கடிதத்தின் ஓரத்தில் இருந்தது,
பென்சிலில், கேள்விக்குறியோடு.

மூன்று ஷாப்பில் சிரித்தார்கள்.
நாலாவதில் பஷீர் அகமது
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.
சுண்ணாம்புத் தொட்டிகளைத் தாண்டி,
மூக்கைப் பொத்தக் கூடாது என்று
நான் எனக்கே சொல்லிக்கொண்டு தாண்டி,
வேலிக்காத்தான் புதருக்குள்
அது படுத்திருந்தது.
வயிற்றில் ஓட்டை. உள்ளே ஒரு நாய், நாலு குட்டி.
"பழைய இரும்புக்காரன் கேட்டான், குடுக்கல.
குட்டி போட்டுக் கீதே."

சாக்பீஸைத் துருவில் தேய்த்தேன்.
மெல்ல மேலே வந்தது எண்.
நாலு.
நான் கத்தினேன். நாய் உறுமியது.
"ஏழு தேடி வந்தேன்னீங்களே?" என்றார் பஷீர்.
"ஆமாங்க, நாலுன்னு இருக்கு,
அதனால்தான் இது ஏழு."
அவர் என்னைப் பார்த்த பார்வையை
நான் வார்டில் பார்த்திருக்கிறேன்,
மயக்கம் தெளியாதவர்களைச்
சொந்தக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

டீ வரவழைத்தார்.
குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன்.
தோலுக்கு உப்புப் போடும் கொட்டகை.
உப்பு, ஓர் இரும்புப் பெட்டியில்.
அடியில் சரிவு, ஒரு பக்கம் குழாய் வைத்த துளை,
துளையில் கந்தல் அடைத்திருந்தது.
மேலே கடப்பாக்கல் பலகை.
"இதுக்கு மூடி?"
"எங்க தாதா காலத்துலேர்ந்தே கெடையாது."

நோட்டை எடுத்தேன்.
மார்ச் அல்ல, ஆகஸ்ட்தான்.
இருந்தாலும் எழுதினேன்:
மணல் பெட்டி ஒன்று.
மூடி இல்லை.